விரிப்பில் தொடங்கி வாசலுக்கு வெளியே: யோகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யோகம் என்றதும் உடம்பை வளைப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் யோக சூத்திரத்தை எழுதிய பதஞ்சலி சொல்லும் எட்டு உறுப்புகளின் வரிசையில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. பிறரோடு நடந்துகொள்ளும் முறையைச் சொல்லும் இயமமும், தன்னைத்தான் வைத்துக்கொள்ளும் முறையைச் சொல்லும் நியமமும் அதற்கு முந்தியவை. யோக சூத்திரத்தின் 196 சூத்திரங்களில் (195 என்று எண்ணும் பதிப்புகளும் உண்டு) ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. அவற்றில் முதலாவது கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: இருக்கை அசையாமல் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும். திருமூலரும் இதே எட்டு உறுப்புகளைத்தான் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எடுத்துப் பேசுகிறார்.

அப்படியிருந்தும், பழகுபவர் ஆசனத்தில் தொடங்குவதே நல்லது. மனத்தைக் கவனி என்றால் எங்கே பிடிப்பதென்று தெரியாது. இடது குதிகாலைக் கவனி என்றால் உடனே தெரியும். குதிகாலில் பழகிய அந்தக் கவனத்தைப் பிறகு பாத்திரம் கழுவும் இடத்துக்கும், குப்பைக் கூடைக்கும், பொதுவில் இருக்கும் ஒரு மரத்தடிக்கும் கொண்டுபோகலாம். இந்தக் கட்டுரையும் அந்த வழியாகத்தான் போகிறது. அவசரப்படாமல் செய்தால் எட்டிலிருந்து பத்து வாரம் பிடிக்கும்.

தொடங்கும் முன்

உயர் ரத்த அழுத்தம், கண்ணில் நீர் அழுத்தம் (கிளாக்கோமா), இதய நோய், குடலிறக்கம், முதுகுத் தட்டு விலகல், அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. தலை கீழே போகும் நிலைகளில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். தட்டு விலகியவர் உட்கார்ந்து முன்னால் குனிந்தால் வலி கால் வரை இறங்கலாம். கர்ப்பிணிகளுக்குக் குப்புறப் படுக்கும் ஆசனங்களும் மூச்சை அடக்குவதும் கிடையாது.

முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் விட வேண்டும். சிறிதாக ஏதாவது சாப்பிட்டிருந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். காலையில் செய்பவர்கள் எழுந்தவுடன் குனியாதீர்கள். முதுகெலும்புத் தட்டுகள் இரவெல்லாம் நீர் ஊறித் தடித்திருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆழமாகக் குனிந்தால் அவற்றின்மேல் விழும் சுமை அதிகம். கொஞ்சம் நடமாடிவிட்டு வாருங்கள், அல்லது குனியும் ஆசனங்களைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.

யோகா மேட் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான அளவு 183 சென்டிமீட்டர் நீளம், 61 சென்டிமீட்டர் அகலம். கனம் 4 முதல் 6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மெத்தென்று 10 மில்லிமீட்டரில் வாங்கினால் ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதம் அமிழ்ந்து ஆடும். பிவிசி என்னும் பிளாஸ்டிக்கில் செய்த மேட் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மக்காது. இயற்கை ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. முதல் மாதம் எதையுமே வாங்க வேண்டாம் என்பதுதான் எங்கள் பரிந்துரை. தரை வழுக்காவிட்டால் நிற்கும் ஆசனங்களை வெறுந்தரையில் செய்யலாம். படுக்கவும் உட்காரவும் மடித்த பருத்திப் போர்வை ஒன்று போதும். பழக்கம் நிலைத்த பிறகு மேட் வாங்கினால் அது மூலையில் சுருண்டு கிடக்காது.

முதல் இரண்டு வாரம்: இருபது நிமிடம்

நின்றுகொண்டு தொடங்குங்கள். தாடாசனம் பார்ப்பதற்கு வெறுமனே நிற்பதுபோல இருப்பதால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு நிமிடம் ஒழுங்காக நின்று பார்த்தால்தான் அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியும்.

பாதங்களுக்கு நடுவே ஒரு கையகலம் விடுங்கள். கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் ஆகிய மூன்று இடத்திலும் எடை விழுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குக் குதிகாலின் வெளிப்பக்கத்திலேயே எடை கிடக்கும். பழைய செருப்பின் தேய்மானத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டாதீர்கள். தொடையின் முன்தசையை லேசாக மேலே இழுத்தால் முட்டிச் சில்லு தானே ஏறி நிற்கும். தோளை ஒருமுறை காதுவரை தூக்கிவிட்டுத் தளர விடுங்கள். இப்போது கண்ணை மூடுங்கள். உடம்பு மெல்ல முன்னும் பின்னும் ஆடும். அதை நிறுத்தப் பார்க்க வேண்டாம். எந்த விரல் இறுக்கி அந்த ஆட்டத்தைச் சமாளிக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது மார்ஜரி ஆசனம். கையும் முட்டியும் ஊன்றிப் பூனைபோல் நின்று, மூச்சை இழுக்கும்போது முதுகைக் கீழே தாழ்த்தியும், விடும்போது மேலே வளைத்தும் எட்டு முறை செய்யுங்கள். மணிக்கட்டு வலித்தால் எடை முழுவதும் உள்ளங்கையின் அடியில் விழுகிறது என்று பொருள். ஆள்காட்டி விரலின் அடியை அழுத்தி ஊன்றினால் சுமை பிரியும்.

அதிலிருந்தே இடுப்பை உயர்த்தி அதோமுக சுவானாசனத்துக்குப் போகலாம். ஐந்து மூச்சு. இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். குதிகால் தரையில் படவேண்டும் என்று நினைத்துக் காலை நீட்டுவார்கள். தொடையின் பின்தசை இறுகி இடுப்பைக் கீழே இழுக்கும், முதுகு கூன்போடும். குதிகாலை மறந்துவிட்டு முட்டியைத் தாராளமாக மடக்குங்கள். முதுகு நீண்டால் சரி. கால் தன் நேரத்தில் நீளும்.

பிறகு குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனம், மூன்று முறை. கையை ஊன்றித் தூக்காமல், உள்ளங்கையைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை எடுத்துவிட்டும் மார்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுவே இப்போதைக்கு உங்கள் உயரம். அதற்குமேல் கையால் தள்ளினால் இடுப்புக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் மடிப்பு விழுந்து வலிக்கும். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம் மூன்று முறை. அதில் இருக்கும்போது தலையை இடமோ வலமோ திருப்பக்கூடாது.

உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தை முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம். கால் கட்டைவிரலைப் பிடித்தே தீருவது என்று இழுத்து முதுகைப் பிடித்துக்கொள்பவர்கள் அதிகம்.

கடைசியாக, மல்லாந்து அசையாமல் கிடக்கும் சவாசனம், ஐந்து நிமிடம். நேரமில்லை என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டவேண்டுமானால் வேறு ஏதாவது ஆசனத்தை வெட்டுங்கள். இடுப்பு தரையில் அழுந்தி வலித்தால் முட்டிக்கு அடியில் சுருட்டிய போர்வையை வையுங்கள். தூங்கிவிட்டால் அதில் குற்றமில்லை. தினமும் தூங்கிவிட்டால் இரவுத் தூக்கம் போதவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

எந்த ஆசனத்திலும் இழுவை தசையின் நடுப்பகுதியில் தெரிந்தால் தொடரலாம். மூட்டிலோ, தசை எலும்போடு சேரும் முனையிலோ சுருக்கென்று தைத்தால், மரத்தால், மின்சாரம்போல் ஓடினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அகிம்சை முதலில் தன் உடம்பின் பேரில்தான் பழகப்படுகிறது.

மூன்றாம் வாரம்: சூரிய நமஸ்காரம்

பல மரபுகளில் பன்னிரண்டு நிலைகள் பல விதமாக வரும். பரவலாகக் கற்றுத்தரப்படும் ஒன்று இது.

1. கைகூப்பி நேராக நில்லுங்கள். மூச்சை விடுங்கள்.
2. மூச்சை இழுத்தபடி கைகளை மேலே உயர்த்தி, மார்பை மேல்நோக்கித் திறந்து லேசாகப் பின்னால் சாயுங்கள்.
3. மூச்சை விட்டபடி இடுப்பிலிருந்து குனியுங்கள். முட்டி மடங்கலாம்.
4. மூச்சை இழுத்தபடி வலது காலைப் பின்னால் நீட்டி, அந்த முட்டியைத் தரையில் ஊன்றுங்கள். பார்வை முன்னால்.
5. மூச்சை விட்டபடி இடது காலையும் கொண்டுபோய் இடுப்பை உயர்த்துங்கள்.
6. முட்டி, மார்பு, மோவாய் மூன்றையும் தரைக்கு இறக்குங்கள். இடுப்பு சற்றே உயர்ந்திருக்கும்.
7. மூச்சை இழுத்தபடி புஜங்காசனம்.
8. மூச்சை விட்டபடி மறுபடி இடுப்பை உயர்த்துங்கள்.
9. மூச்சை இழுத்தபடி வலது காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவாருங்கள்.
10. மூச்சை விட்டபடி இடது காலையும் கொண்டுவந்து குனிந்து நில்லுங்கள்.
11. மூச்சை இழுத்தபடி எழுந்து கைகளை மேலே உயர்த்துங்கள்.
12. மூச்சை விட்டபடி கைகூப்புங்கள்.

அடுத்த முறை இடது காலில் தொடங்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்ததே ஒரு முழுச் சுற்று. ஒன்பதாம் நிலையில் எந்தக் கால் முன்னால் வரும் என்பதில் மரபுக்கு மரபு வேறுபாடு உண்டு. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் செய்யுங்கள்.

ஆறாம் நிலையில் தொப்பென்று விழுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதலில் முட்டி, பிறகு மார்பு, கடைசியில் மோவாய் என்று ஒவ்வொன்றாக இறக்கினால் தோள்மூட்டு தப்பும். ஒன்பதாம் நிலையில் கால் பாதி வழியில் நின்றுவிட்டால் கணுக்காலைக் கையால் பிடித்து முன்னால் வைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் வாரம் இரண்டு சுற்று, பிறகு வாரத்துக்கு ஒன்று கூட்டி ஆறு சுற்று வரை வந்தால் போதும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. நின்று மூச்சு அடங்கியபின் தொடருங்கள்.

மூச்சு

இளைப்பாறி இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பயிற்சியில் இதை ஆறு வரை இறக்கப் பார்க்கிறோம். நான்கு எண்ணும் வரை இழுப்பு, ஆறு எண்ணும் வரை விடுதல், ஒவ்வொரு எண்ணும் ஒரு நொடி. ஐந்து நிமிடம் செய்யுங்கள். ஆறு வரை எண்ண முடியாமல் திணறினால் மூன்றுக்கு நான்கு என்று தொடங்கலாம். விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்கவேண்டும் என்பதே முக்கியம்.

ஏன் என்று கையால் தொட்டே பார்க்கலாம். இடது மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர்கீழே வலது கையின் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள், மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று நெருங்கும். விடும்போது இடைவெளி விழும். சிலருக்கு இது தெளிவாகவே தெரியும். மூச்சு வெளியேறும் நேரத்தில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. அதனால்தான் நீண்ட வெளிமூச்சு ஆளை அடக்குகிறது.

இது ஒரு வாரம் பழகியபின் நாடி சுத்தி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே மடக்குங்கள். கட்டைவிரல் வலது மூக்குக்கு, மோதிரவிரல் இடது மூக்குக்கு. இடப்பக்கம் இழுத்து, வலப்பக்கம் விட்டு, வலப்பக்கமே இழுத்து, இடப்பக்கம் விட்டால் ஒரு சுற்று. ஐந்து சுற்று போதும். எலும்பு முடிந்து மிருதுவாகும் இடத்தில் விரலை மெல்ல வைத்தாலே மூக்கு அடைபடும், கிள்ளிப் பிடிக்க வேண்டாம். சளி பிடித்த நாளில் இதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். திருமூலர் பூரகத்துக்கு (மூச்சை இழுத்தல்) பதினாறு, கும்பகத்துக்கு (அடக்குதல்) அறுபத்து நான்கு, இரேசகத்துக்கு (விடுதல்) முப்பத்திரண்டு என்று மாத்திரைக் கணக்குச் சொல்கிறார். அதைப் படித்துவிட்டுக் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு மூச்சை அடக்க உட்காருபவர்கள் உண்டு. அது ஆசனமும் முந்திய படிகளும் கைவந்தவருக்கு, குருவின் கண்பார்வையில் செய்யச் சொன்ன கணக்கு. புதியவர்களுக்குக் கும்பகமே வேண்டாம். வேகமாக வயிற்றை உதறும் கபாலபாதியும் முதல் இரண்டு மாதம் வேண்டாம். தலைசுற்றல், விரல் நுனியில் குறுகுறுப்பு வந்தால் மூச்சு அளவுக்கு மீறிப் போகிறது. நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் சரியாகும்.

வெறுமனே உட்காருதல்

நான்காம் வாரத்திலிருந்து பத்து நிமிடம். இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்கவேண்டும், அதற்குத்தான் மடித்த போர்வை. முட்டி மேலே நின்றால் இடுப்பு பின்னால் சரிந்து இரண்டு நிமிடத்தில் கூன் விழும். தரையில் முடியாதவர்கள் நாற்காலியின் முன்விளிம்பில் பாதம் ஊன்றி உட்காரலாம். கால் மரத்துப்போவது பெரும்பாலும் நரம்பு அழுந்துவதால். சகித்துக்கொண்டு இருப்பதில் புண்ணியம் எதுவுமில்லை, மாற்றிப் போடுங்கள்.

மூக்கு நுனியில் மூச்சு படும் இடத்தைக் கவனித்து ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். எண்ணம் எங்கேயோ போய்விட்டது என்று தெரிந்தால் மறுபடி ஒன்று. சிலருக்கு முதல் நாளில் மூன்றைத் தாண்டாது. பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டே போயிருப்பதைக் கண்டுபிடிப்பதும் உண்டு. அதுவும் மனம் ஓடியதன் அடையாளந்தான். ஓடியதைக் கண்டு திரும்பிய அந்தக் கணம்தான் பயிற்சி. ஓடாமல் இருப்பதைப் பயிற்சி என்று நினைப்பவர்கள் ஒரு வாரத்தில் சலித்து எழுந்துவிடுகிறார்கள்.

அன்றாட வேலையில் ஒன்றே ஒன்று

நாள் முழுவதும் விழிப்போடு இருப்பேன் என்று உறுதி எடுத்தால் மத்தியானத்துக்குள் மறந்துவிடும். ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். தினமும் வருவதாக, கையால் செய்வதாக, பத்து நிமிடத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். பாத்திரம் கழுவுவது இதற்கென்றே அமைந்தது.

கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். நின்ற நிலை தாடாசனந்தான், பாதத்தின் மூன்று இடத்திலும் எடை. குழாயை மூடிவிட்டு எல்லாவற்றையும் தேயுங்கள். நுரையில் கை வழுக்கும்போது தோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், காதருகில் ஏறியிருக்கும். இறக்குங்கள். எல்லாம் தேய்த்தபின் குழாயைப் பென்சில் கனத்துக்குத் திறந்து ஒவ்வொன்றாக அலசுங்கள். இப்படிச் செய்யும் முதல் நாளிலேயே, இதுவரை குழாய் தன்பாட்டுக்கு எவ்வளவு ஓடிக்கொண்டிருந்தது என்று காதுக்குக் கேட்டுவிடும்.

அந்தக் குழாய் மூடியபிறகும் சொட்டுகிறதா? அடியில் ஒரு அளவுக் குவளையைப் பத்து நிமிடம் வையுங்கள். சேர்ந்ததை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. 100 மில்லிலிட்டர் சேர்ந்திருந்தால் நாளொன்றுக்கு 14.4 லிட்டர், ஆண்டுக்கு ஐயாயிரம் லிட்டருக்கு மேல். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்ததுதான் காரணம். அதை மாற்றும் வேலை அரை மணிக்குள் முடியும்.

அபரிக்கிரகம் என்பதற்குத் தேவைக்குமேல் சேர்க்காமை என்று பொருள். அதற்கும் இதுபோல ஒரு கைப்பழக்கம் உண்டு. வாங்க ஆசைப்படும் பொருளை வாங்காமல் ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள். முப்பது நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். உணவுக்கும் மருந்துக்கும் இது பொருந்தாது. யோகத்துக்கென்று விற்கப்படும் உடைகள், பிடிகள், மணிகள் அனைத்துக்கும் பொருந்தும்.

குப்பைக் கூடை: உரம் போடுதல்

சௌசம் என்னும் தூய்மை நியமத்தில் முதலாவது. குப்பையை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டால் வீடு சுத்தமாகும், குப்பை எங்கேயும் போய்விடாது. ஐந்தாம் வாரத்தில் இதைத் தொடங்கலாம்.

மூடியுள்ள 20 லிட்டர் வாளிகள் இரண்டு வேண்டும். பழையவை போதும். பக்கங்களில் 6 முதல் 8 மில்லிமீட்டர் அளவில் பதினைந்து துளைகள், அடியில் ஐந்து. அடியில் ஒரு தட்டு. வாளிக்குள் முதலில் காய்ந்த இலை அல்லது கிழித்த அட்டையை ஐந்து சென்டிமீட்டருக்குப் பரப்புங்கள். பிறகு நாள்தோறும் காய்கறி, பழத் தோல்களை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் போட்டு, ஒரு பங்கு ஈரத்துக்கு இரண்டு பங்கு காய்ந்ததைப் போட்டு மூடுங்கள். மேலே ஈரக்கழிவு ஒரு துண்டுகூடத் தெரியக்கூடாது. நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் இருபத்தைந்து முதல் முப்பது பங்கு தேவை. காய்ந்த இலையில் இருப்பது கார்பன், பச்சைத் தோலில் இருப்பது நைட்ரஜன். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள்.

இறைச்சி, பால் பொருள்கள், எண்ணெய், வளர்ப்புப் பிராணிகளின் கழிவு, பளபளப்பான தாள் ஆகியவை வேண்டாம். வீட்டு வாளி சிறியது. ஒரு கன மீட்டர் குவியலில் எழும் 55 முதல் 65 டிகிரி சூடு இதில் எழாது. ஆகவே கிருமிகளும் களைவிதைகளும் சாகாது. விதை முற்றிய களைகளையும் நோய்கண்ட செடிகளையும் இதனால்தான் போடக்கூடாது.

தவறு நடந்தால் மூக்குதான் முதலில் சொல்லும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை. நீர் தேங்கி அடியில் சேறு கட்டியிருக்கும். எல்லாவற்றையும் கொட்டி, காய்ந்ததைக் கலந்து, மறுபடி தளரப் போடுங்கள். மூக்கைத் துளைக்கும் கார நெடி வந்தால் அது அம்மோனியா, பச்சைக்கழிவு அதிகம். ஒரு மணமும் இல்லாமல் பல வாரம் அப்படியே கிடந்தால் உலர்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒரு சொட்டு இரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. சிறு பழ ஈக்கள் மொய்த்தால் மேல்மூடல் போதவில்லை. தடித்த பழுப்புநிறப் புழுக்கள் வந்தால் பலர் அலறி வாளியையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று குறைக்கும் உதவியாட்கள்தான், பயப்பட வேண்டாம்.

முதல் வாளி நிறைந்ததும் மூடி ஒதுக்கிவிட்டு இரண்டாவதில் தொடங்குங்கள். இரண்டிலிருந்து நான்கு மாதத்தில் கறுத்து, மண்வாசனையோடு, என்ன போட்டோம் என்று அடையாளம் தெரியாமல் ஆகிவிடும். ஒரு பிடியை நனைத்துப் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் இன்னும் ஆகவில்லை. ஆன உரத்தில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு மண் கலந்துதான் தொட்டியில் இடவேண்டும்.

வாசலுக்கு வெளியே

எட்டாம் வாரத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் முக்கால் மணி நேரம். இருபது பேர் சேரும்வரை காத்திருந்தால் தொடங்கவே முடியாது. இடம் சிறியதாக, தினமும் கண்ணில் படுவதாக இருக்கட்டும். யாருடைய பொறுப்பில் உள்ள இடமோ அவர்களிடம் முன்பே சொல்லி, சேர்ந்த குப்பையை யார் எடுத்துப்போவார்கள் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பன்னிரண்டு மூட்டையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போனால், மறுவாரம் நாய்கள் கிழித்துப் போட்டதை நீங்களே மறுபடி பொறுக்குவீர்கள்.

ஆளுக்கு ஒரு ஜோடி தடித்த கையுறை, மூடிய காலணி, இரண்டு பேருக்கு ஓர் இடுக்கி, நான்கு சாக்கு. ஒன்றில் தாளும் அட்டையும் சுத்தமான பிளாஸ்டிக்கும், ஒன்றில் கண்ணாடியும் உலோகமும், ஒன்றில் எதற்கும் ஆகாதவை. நான்காவது அடையாளமிட்ட தனிச் சாக்கு: பேட்டரி, மின்விளக்கு, மருந்து. ஊசி கிடந்தால் குனிந்து எடுக்காதீர்கள். தடித்த பிளாஸ்டிக் புட்டியைத் தரையில் வைத்து, அதைக் கையால் பிடிக்காமல், ஊசியை இடுக்கியால் உள்ளே போட்டு மூடி, சுகாதார அமைப்பிடம் ஒப்படையுங்கள். உப்பிய பேட்டரி, என்னவென்று தெரியாத திரவம் உள்ள கலன்களைத் தொடாமல் தகவல் மட்டும் சொல்லுங்கள். சிகரெட் துண்டுகளை விட்டுவிடாதீர்கள். அந்த வடிகட்டி பஞ்சுபோல இருந்தாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்தான்.

எரிப்பது கூடவே கூடாது. பிவிசி கலந்த குப்பை எரிந்தால் டையாக்சின்கள் என்னும் நச்சுப்பொருள்கள் வரும். உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளாதீர்கள். இடம் பளிச்சென்று தெரியவேண்டும் என்று புதிய குழுக்கள் முதலில் செய்வது இதுதான். இலைச்சருகு மண்ணின் ஈரத்தைக் காக்கும் போர்வை, புழு பூச்சிகளின் வீடு. பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு இலையை அப்படியே விட்டுவிட வேண்டும். பட்டுப்போன மரத்துண்டும் ஆபத்தில்லாத இடத்தில் கிடக்கட்டும்.

குப்பை போட்டவர்களைத் திட்டிக்கொண்டே பொறுக்கினால் இரண்டு வாரத்தில் கசப்பு ஏறி ஆட்கள் கழன்றுவிடுவார்கள். ஒரு கொக்கித் தராசில் மூட்டைகளை நிறுத்து, எடையையும் எந்த வகை அதிகம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சத்தியம் என்பது இங்கே கணக்கைக் கூட்டாமல் எழுதுவது. ஆறு வாரக் குறிப்பு இருந்தால், எந்தப் பொருள் எந்த மூலையில் குவிகிறது என்று பொறுப்பாளர்களிடம் காட்டி ஒரு குப்பைத்தொட்டியோ மறுநிரப்பு நீர்க்குழாயோ கேட்க முடியும். வெறும் படங்களைக் காட்டினால் பாராட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

குனிந்தே செய்யும் வேலை இது. முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி இறங்குங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்னால் சாயுங்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, எல்லாருமாக இரண்டு நிமிடம் தாடாசனம், ஐந்து நீண்ட வெளிமூச்சு. இரண்டு பேர் மட்டும் வந்தாலும் அந்த நேரத்தில் நடத்திவிடுங்கள். மழை பெய்தால் ஈரக்குப்பையைத் தொட வேண்டாம். வீட்டுக்குத் திரும்பி உர வாளியைக் கிளறுங்கள், அதற்கும் நாள் ஆகியிருக்கும்.